கரிசல் மண்ணில் எடுத்த கணக்கு

தூய்மையை ஈமானோடு சேர்த்துக் கற்றவர்கள் நாம். உளூச் செய்யத் தூய நீர் தேடும் நமக்கு, முற்றத்தில் கழிவுநீர் தேங்கி நிற்கும் வீட்டில் வாழும் ஒரு தாயின் துயரம் எளிதில் விளங்கும். உலகின் செல்வந்த நாடான அமெரிக்காவிலும் அத்தகைய தாய்மார் உண்டு.

அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், செல்மா, மாண்ட்கோமரி நகரங்களுக்கு இடையே அமைந்தது லவுண்ட்ஸ் மாவட்டம். பருத்திக்கு உகந்த கரிசல் மண். அப்பருத்திக்காகவே கறுப்பின மக்கள் அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. அவர்களோ வாரக் குடிகளாக அம்மண்ணிலேயே உழன்றனர். 1965இன் தொடக்கத்தில் மாவட்ட மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் அவர்களே. வாக்காளர் பட்டியலில் அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை. பின்னர்த் துணிந்து பெயரைப் பதிந்த குடும்பங்களை நிலக்கிழார்கள் வெளியேற்ற, அவை நெடுஞ்சாலையோரக் கூடாரங்களில் தஞ்சம் புகுந்தன.

வாக்கு கிடைத்தது, வசதி கிடைக்கவில்லை. நகரங்களுக்குப் பாதாளச் சாக்கடை உண்டு. இச்சிற்றூர்களிலோ பெரும்பாலான குடும்பங்கள் தம் செலவிலேயே செப்டிக் டேங்க் அமைத்தாக வேண்டும். கரிசல் களிமண் நீரை எளிதில் உறிஞ்சாது. அதற்கேற்ற அமைப்புக்குப் பல்லாயிரம் டாலர் வேண்டும். இயலாதோர் குழாய் வழியே கழிவை வெளியில் விட்டனர். உதவ வேண்டிய அரசு வழக்குத் தொடுத்தது. சிலர் கைதும் ஆயினர்.

இக்கொடுமையை ஆராய முன்வந்தவர், அம்மாவட்டத்திலேயே வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செய்தார்; கழிவு வீட்டுக்குள் திரும்பி வரும்போது அதைத் துடைப்பவர்களின் சொல்லைச் செவிமடுத்தார். ஒரு கர்ப்பிணியின் வீட்டருகே கழிவுக் குட்டையில் மொய்த்த கொசுக்கள் அவரைக் கடித்தன. உடலில் தடிப்புகள் எழுந்தன; மருத்துவரால் காரணம் காண இயலவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் தேடிப் பாராத நோயோ என ஐயுற்றார். அந்த ஐயமே ஆய்வாயிற்று. 2017இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்ட 55 பேருள் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் தடயம் காணப்பட்டது. சிறிய ஆய்வுதான், அதை மறுத்தோரும் உண்டு. முற்றத்தில் தேங்கிய கழிவை எவராலும் மறுக்க இயலவில்லை.

2023இல் நடுவண் அரசின் நீதித்துறை, மாநிலச் சுகாதாரத் துறையைத் திருத்தும் உடன்பாடு ஒன்றைச் செய்தது. 2025 ஏப்ரலில், ஆட்சி மாறியபின், அது கைவிடப்பட்டது.

உடன்பாடு போயிற்று, கணக்கு நிற்கிறது. எளியோரின் துயரை எவரேனும் எண்ணி எழுதிவைத்தால், ஆள்வோர் அதனை அறியோம் என்று சொல்ல வழியில்லை. அப்பெண்மணி ஆற்றிய தொண்டு அதுவே.