சுத்தியல் தட்டும் காற்று

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அம்மையாரைக் கும்பிட்ட கையோடு பலூன் சுடவும் நிற்பார்கள். அந்த மாதிரிக் காற்றுத் துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டிப் பழகியவன் நான். அவற்றில் சுத்தியலே கிடையாது. குழலை மடக்கினால் பெரிய ஸ்பிரிங் அமுங்கும். விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும், அவ்வளவுதான்.

சுத்தியல் உள்ள சாதி வேறு. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்காக ஜிரார்டோனி செய்த துப்பாக்கியில், பின்கட்டையே காற்றுப் புட்டி. அதை நிரப்பச் சுமார் 1500 தடவை பம்ப் அடிக்க வேண்டும் (போர்வீரனின் கையை நினைத்துப் பாருங்கள்). குண்டுகளோ இருபதுக்குக் குறையாது. 1803இல் ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் அமெரிக்காவின் மேற்கே கிளம்பியபோதும் ஒரு காற்றுத் துப்பாக்கி கூடவே போனது.

முன்பே காற்று நிரப்பி வைக்கும் இன்றைய பிசிபி துப்பாக்கியிலும் அடிப்படை அதுதான். சுத்தியல் வால்வைத் தட்டும். வால்வு ஒரு கணம் திறந்து மூடும். சுத்தியலைத் தள்ளும் ஸ்பிரிங்கை முறுக்கினால் அடி பலக்கும், காற்று கூடுதலாக வரும். ஓர் அளவுக்கு மேல் வேகம் ஏறாது. குண்டு குழலை விட்டுப் போன பிறகும் காற்று சீறி வீணாகும். ரொம்பத் தளர்த்தினாலோ, நிறைந்த சிலிண்டரின் அழுத்தம் வால்வைத் திறக்கவிடாது. முதல் குண்டுகள் சோம்பலாகப் போய், காற்று குறையக் குறைய வேகம் பிடிக்கும். வேகமானியை வைத்து, வேகம் ஏறாமல் நிற்கும் இடம்வரை முறுக்கி, அங்கிருந்து கொஞ்சம் தளர்த்துவது என் வழக்கம். முறுக்கிக்கொண்டே போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதோடு, இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி குண்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினால் உரிமம் வேண்டும்.