சமையல் வினிகர் வீட்டைத் துடைக்கும். ரப்பர் ‘சுக்கா’ கையைச் சுடும்

மளிகைக் கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும் வெள்ளை வினிகர், பல வீடுகளில் ஊறுகாய் போடவும் மீன் வாடையைப் போக்கவும் மட்டுமே வாங்கப்படுகிறது. மலாயில் சுக்கா, பழைய தமிழில் காடி. இதில் பொதுவாக 4 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கும். மற்றது பெரும்பாலும் தண்ணீர்தான். அந்தக் கொஞ்ச அமிலமே துப்புரவு வேலையைச் செய்கிறது. புளி போட்டுக் குத்துவிளக்கு துலக்கிய பாட்டிமார்களுக்கு இது புதுச் செய்தியல்ல. புளியிலும் வேலை செய்வது அமிலம்தான்.

வினிகர் முதலில் கைகொடுப்பது சுண்ணாம்புக் கறைக்கு. பெர்லிஸ், கிந்தா பள்ளத்தாக்கு போன்ற சுண்ணாம்புக் குன்றுகள் உள்ள இடங்களில் நிலத்தடி நீர் பயன்படுத்துவோரின் மின்சாரக் கெட்டிலில் வெள்ளையாக ஒரு படலம் ஏறிவிடும். பாதி தண்ணீர், பாதி வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்து அரை மணி நேரம் விட்டால் படலம் இளகிக் கழன்றுவிடும். பிறகு நன்றாகக் கழுவி, வெறுந்தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் தேநீர் புளிக்கும்!

கண்ணாடி சன்னலுக்கு ஒரு பங்கு வினிகரில் நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் போதும். மழைக்காலத்தில் காயாமல் வாடை பிடித்த துணியை அலசும் தண்ணீரில் அரைக் குவளை ஊற்றலாம். பித்தளை விளக்குக்கு வினிகரோடு உப்பு சேர்த்துத் தேய்த்து, உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். ஊறவிட்டால் நிறம் மாறும்.

எண்ணெய்ப் பிசுக்கு வேறு விவகாரம். பலகாரம் சுட்ட அடுப்பைச் சுற்றியுள்ள பிசுக்கை வினிகர் அசைக்காது; அதற்குப் பாத்திரச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும்தான். சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் நுரை பொங்கி வரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் பலன்.

பளிங்குத் தரை, டெராசோ, பழைய தோட்ட வீடுகளின் சிமெண்டுத் தரை எதிலும் வினிகர் படக்கூடாது. கெட்டிலின் சுண்ணாம்பைக் கரைக்கும் அதே அமிலம் தரையையும் அரிக்கும், பளபளப்பு போய்விடும். இரும்புத் தோசைக்கல்லில் பட்டால் நாள்பட்டு ஏறிய எண்ணெய்ப் பதம் போய்த் துரு பிடிக்கும். கோழி வெட்டிய பலகைக்கு வினிகரை நம்பக்கூடாது. அது எல்லாக் கிருமிகளையும் கொல்லும் மருந்தல்ல.

குளோராக்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் வெளுப்பு மருந்தோடு வினிகர் ஒருபோதும் கலக்கக்கூடாது. கலந்தால் குளோரின் நச்சு வாயு கிளம்பும். சன்னல் சிறிதான அடுக்குமாடிக் குளியலறையில் இது பெரிய ஆபத்து. கழிவறைக்கு நேற்று ஊற்றிய மருந்து சரியாகக் கழுவப்படாமல் இருந்தாலும் இதே கதைதான். கண் எரிந்து இருமல் வந்தால் துடைக்க நிற்காமல் உடனே வெளியேறி, நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போக வேண்டும். மூச்சு முட்டினால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

ரப்பர் மரம் வெட்டும் வீடுகளுக்கு இன்னோர் எச்சரிக்கை உண்டு. பால் உறையவைக்கும் திராவகத்தை மலாயில் ‘சுக்கா கெத்தா’ என்பார்கள். பெயரில் சுக்கா இருந்தாலும் அது வினிகர் அல்ல, பார்மிக் அமிலம். கடையில் 85, 94 விழுக்காடு என்ற கடும் செறிவில் வரும். தண்ணீர் கலந்துதான் பாலில் ஊற்றுகிறார்கள். நீர்க்காத திராவகம் தோலில் பட்டால் வெந்துபோகும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பார்வைக்கு இரண்டுமே தண்ணீர் மாதிரி நிறமற்றவை, இரண்டுக்கும் புளித்த நெடி. மிச்சத் திராவகத்தைக் குளிர்பானப் போத்தலிலோ பழைய வினிகர் போத்தலிலோ ஊற்றி அடுப்படியில் வைப்பதுதான் மிக மோசமான பழக்கம். மாமியார் வைத்த இடம் மருமகளுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். திராவகம் வாங்கிய கலத்திலேயே, பெயர்ச்சீட்டோடு, வீட்டுக்கு வெளியே பூட்டி வைக்கப்பட வேண்டும். “இதுவும் சுக்காதானே” என்று அதில் கறை தேய்க்கவும் கூடாது.

தோலிலோ கண்ணிலோ பட்டுவிட்டால், திராவகம் நனைத்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. போத்தலையும் கையோடு எடுத்துச் சென்றால் உள்ளே போனது என்னவென்று மருத்துவருக்கு உடனே தெரியும்.