வண்டிக்குள் ஒரு பொதுக்கம்பி



எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் பஸ்ஸுக்காக நான் காத்து நின்ற நாட்கள் எண்ணில் அடங்கா. 'பஸ்' என்பது 'ஓம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வாற்பகுதி. 'எல்லோருக்கும்' என்பது அதன் பொருள். மின்னியல் அறிஞரும் இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். பல கருவிகள் தமக்குள் பொதுவாகப் பயன்படுத்தும் கம்பிக்கும் 'பஸ்' என்றே பெயர். இன்று சாலையில் ஓடும் பஸ்ஸுக்குள்ளேயே அத்தகைய மற்றொரு பஸ் இருக்கிறது. அதன் வரலாற்றையே இன்று சொல்லப்போகிறேன்.

பொதுக்கம்பி நமக்குப் புதிதன்று. சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி என்று வரிசையாக உள்ள ரயில் நிலையங்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதைவிட, ஒரே இணைக்கம்பியில் எல்லா நிலையங்களையும் கோத்துவிடுவது சிக்கனம். ரயில்வேக் கட்டுப்பாட்டுத் தொலைபேசி இம்முறையில் அமைந்ததே. ஆனால் சிக்கனத்தோடு ஓர் அபாயமும் வந்து சேர்கிறது. பொதுவில் ஒருவர் கெட்டால் அனைவருக்கும் கேடு. இந்த அபாயத்தை வெல்வது எப்படி என்பதே நம் கதையின் உயிர்நிலை.

பழைய மோட்டார் வண்டியில் விளக்குக்கு ஒரு கம்பி, ஊதுகுழலுக்கு ஒரு கம்பி என்று தனித்தனியே இருந்தன. இயந்திரத்தையும் தடையையும் மின்னணுக் கருவிகள் ஆளத் தொடங்கியபின் கம்பிகள் காடாகப் பெருகின. எடை கூடிற்று, பழுதைத் தேடுவதும் பெரும்பாடாயிற்று. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் 1983-ஆம் ஆண்டு இதற்கு மாற்றுக் காணும் பணி தொடங்கியது. ஊவே கீன்கே என்ற பொறியியலாளர் அதில் முன்னின்றார். 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டார்ப் பொறியாளர் மாநாட்டில் அம்முறை வெளியிடப்பட்டது. 'கேன்' என்பது அதன் சுருக்கப் பெயர். மறு ஆண்டே இன்டெல் நிறுவனம் இதற்கான சில்லைச் செய்தது. பிலிப்ஸ் நிறுவனம் பின்தொடர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் கார்களில் இது இடம் பெற்றது. 1993-இல் ஐ.எஸ்.ஓ. 11898 என்ற உலகத் தர அளவாகியது.

இதன் அமைப்பு எளியது. முறுக்கிய இரு கம்பிகள். இரு நுனிகளிலும் 120 ஓம் தடை. ஓய்வில் இரண்டும் ஏறத்தாழ 2.5 வோல்ட்டில் நிற்கும். இது அடங்கிய நிலை. ஒரு கருவி பேசும்போது ஒரு கம்பி 3.5-க்கு உயரும், மற்றது 1.5-க்குத் தாழும். இது ஓங்கிய நிலை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒருங்கே தாக்குவதால், வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் கருவி ஏமாறுவதில்லை. ஒருவர் ஓங்கி நின்றால் மற்றவரின் அடங்கிய குரல் மறைந்துவிடும். இந்த விதியைக் கொண்டே, இருவர் ஒருங்கே பேச முற்பட்டால் யாருக்கு முதலிடம் என்பதும் தீர்க்கப்படுகிறது.

கம்பிக்கும் கணக்கிடும் சில்லுக்கும் நடுவே வாயிற்காவலன்போல் நிற்கும் சிறு சில்லுக்கு 'ட்ரான்ஸீவர்' என்று பெயர். அனுப்புவதும் வாங்குவதும் அதன் தொழில். பிலிப்ஸ் செய்த 82சி250 என்ற சில்லில் ஒரே ஒரு காலின் மின்நிலையைக் கொண்டு மூன்று நடைமுறைகளைத் தேர்ந்துகொள்ளலாம். முழு வேகம் ஒன்று. இரைச்சல் குறையத் துடிப்பின் முனையை மழுக்கும் நடை ஒன்று. அனுப்புவதை நிறுத்திச் செவியை மட்டும் திறந்துவைக்கும் காத்திருப்பு நடை ஒன்று.

பின்வந்த சில்லுகளில் உறக்க நடையும் சேர்ந்தது. இது எதற்கு? நிறுத்திவைத்த வண்டியில் பல கருவிகள் விழித்தே இருந்தால் பேட்டரி வற்றிப்போகும். ஆகவே ட்ரான்ஸீவர் மற்றவற்றுக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தச் செய்து, தான் மட்டும் அரைக்கண் மூடி இருக்கும். நம் கரிசற்காட்டில் கம்பங்கொல்லைப் பரண்மேல் காவலிருப்பவன் காற்றில் தட்டை அசைந்தால் எழுந்திருக்கமாட்டான். மாட்டின் காலடி கேட்டால் எழுவான். அதுபோலவே, நொடிப்பொழுது இரைச்சலைப் புறக்கணித்து, குறித்த நேரம் நீடிக்கும் குறியையே இச்சில்லு விழிப்புக் குறியாக ஏற்கும். தனக்குரிய அழைப்புக்கு மட்டும் விழிக்கும் முறை 2013-இல் தர அளவில் சேர்ந்தது.

இனிப் பழுதைப் பார்ப்போம். ஒரு கருவி கெட்டு, ஓயாமல் ஓங்கிய நிலையிலேயே நின்றுவிட்டால் வண்டி முழுவதும் ஊமையாகும். இதற்கு வகுத்த உபாயம் அழகானது. கேன் விதிப்படி, செய்திக்குள் ஒரே வகைத் துடிப்பு ஐந்துக்குமேல் தொடராது. அதையடுத்துப் பிழைக் குறியாக ஆறு வந்தாலும், ஒரு கருவி தொடர்ந்து விடும் ஓங்கிய துடிப்பு பதினொன்றைத் தாண்டாது. ஆகவே அதற்கு மிஞ்சிய ஓலம் பழுதின் அடையாளமே. சில மில்லிவினாடிக்குள் ட்ரான்ஸீவர் தன் அனுப்பும் வாயைத் தானே அடைத்துக்கொள்ளும். கம்பி பேட்டரியோடோ உடலோடோ உரசினால் மின்னோட்டத்தை வரம்புக்குள் நிறுத்தும். சில்லின் வெப்பம் ஏறத்தாழ 165 பாகை செல்ஷியஸை எட்டினால் அனுப்புவதை விட்டுவிடும். மின்சாரம் தாழ்ந்தால், பிறரை இழுத்துக் கெடுக்காமல் கம்பியிலிருந்து விலகி நிற்கும்.

கணக்கிடும் சில்லிலும் ஒரு நீதி உண்டு. அனுப்புவதில் பிழை செய்தால் எட்டு மதிப்பெண் கூடும். சரியாக அனுப்பினால் ஒன்றே குறையும். 127-ஐத் தாண்டினால் அது பிறர் பேச்சைக் குறுக்கிட இயலாது. 255-ஐத் தாண்டினால் சபையிலிருந்தே வெளியேறும். ஆயினும் கம்பியின் அமைதியைக் குறித்த அளவு கேட்டிருந்தபின் மீண்டும் நுழையலாம். தண்டனை உண்டு; திருந்த வழியும் உண்டு. இதைப் படித்தபோது, ஆசிரியனாகிய எனக்குப் பள்ளி நிர்வாகமே நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வேன் எட்டயபுரத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றது; பின் கிளம்பவில்லை. தேர்வுக்கு ஒரு மணி நேரமே இருந்தது. பேட்டரி நன்றாகவே இருந்தது. வந்த மெக்கானிக் என் பழைய மாணவன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரைச் சோதனை வாயில் வைத்தான். "ஐயா, அறுபது காட்டவேண்டிய இடத்தில் நூற்றிருபது காட்டுகிறது" என்றான். இரு நுனித் தடைகளும் இணையாகச் சேர்ந்தால் 60. ஒன்றே தெரிந்தால் 120. ஆகவே நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும். தேடினான், எலி கடித்திருந்தது. பிள்ளைகள் மணியடிக்கு முன் தேர்வுக்கூடம் சேர்ந்தனர். வகுப்பில் நான் கற்பித்த ஓம் விதி அன்று என் மானத்தைக் காத்தது.

இவ்வளவு காவலிலும் ஒரு குறை உண்டு. 2015-இல் அமெரிக்காவில் இரு ஆராய்ச்சியாளர் தொலைவிலிருந்தே ஓடும் காருக்குள் புகுந்து பொய்ச் செய்திகளை விடுத்துக் காட்டினர். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கேன் முறையில் பேசுபவர் யார் என்று கேட்கும் வழக்கம் இல்லை. அதை வகுத்தோர் உறுப்பினர் கெட்டுப்போகக்கூடும் என்று எண்ணினர். வஞ்சிக்கக்கூடும் என்று எண்ணவில்லை. அறியாமற் செய்த பிழைக்கு அவர்கள் கண்ட மருந்து சிறந்தது. அறிந்தே சொல்லும் பொய்க்கு மருந்து காணும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அது உங்கள் தலைமுறைக்கு உரிய வேலை.