எழுத்துரு இருந்தால்தான் தமிழா?

சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைப் பலகையில் 'மளிகை' என்று எழுதியிருந்தால், படிக்கத் தெரிந்த எவருக்கும் அது மளிகைதான். எந்தத் தூரிகையால் எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1990களில் கணினித் தமிழுக்கு இந்தச் சாதாரண வசதிகூட இல்லை. அனுப்பியவர் வைத்திருந்த அதே எழுத்துரு, பெறுகிறவரிடமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவுக்கு எழுதிய கடிதம்கூட வெறும் கிறுக்கல்தான்.

ஏன் இப்படி? கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அன்றைய முறையில் மொத்தம் 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மீதி 128 இடங்களில் 247 எழுத்துகளை எப்படி அடைப்பது? கால், கொம்பு என்று உடைத்துத்தான் வைக்க முடியும். சிலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழைக் குடியேற்றினார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் தந்த முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரத்தின் மயிலை, சிங்கப்பூரின் கணியன் என்று ஒவ்வொன்றும் ஒரு வழியில் போயிற்று. யாருடைய உழைப்பையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் படிக்க முடியவில்லையே!

கணியனை உருவாக்கியவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். பொறியாளர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றினார்கள். தொடங்கி வைத்தவர் அதிபர் ஓங் டெங் சியோங். ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் அங்கே நின்றது. நான்கு மொழிகளும் அதிகாரத்துவ மொழிகள் என்று சட்டம் சொல்லலாம். திரையில் தெரியாவிட்டால் அந்தத் தகுதி காகிதத்தோடு சரி. கோவிந்தசாமியும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் சேர்ந்து உழைத்ததால்தான் அது காகிதத்தைத் தாண்டி வந்தது.

அதோடு நின்றிருந்தால் அவர் பெயர் கணியனோடு முடிந்திருக்கும். 1997 மே மாதம் பல நாட்டுத் தமிழ்க் கணினி ஆர்வலர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்து 'தமிழ்நெட் 97' மாநாட்டை நடத்தினார். பொதுவான குறியீடு வேண்டும், பொதுவான விசைப்பலகை வேண்டும் என்பதுதான் பேச்சு. பொது என்றால் என்ன பொருள்? ஒவ்வொருவரும் தாம் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க வேண்டும், அழைத்தவர் உட்பட! 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த அடுத்த மாநாட்டில் 'தமிழ்99' விசைப்பலகை பிறந்தது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'அம்மா' என்று அடித்தால் முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாகவே விழும். அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். வயது 53. சிங்கப்பூரிலேயே 2000 ஜூலையில் நடந்த மாநாட்டில் 'உத்தமம்' அமைப்பு உருவானபோது அவர் இல்லை.

இன்று நாம் பயன்படுத்துவது யுனிகோடு. 1991இலேயே அதில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. சாதாரணக் கணினிகளில் அது நன்றாகத் தெரியத்தான் பல ஆண்டுகள் பிடித்தன. காரணம் கொம்புதான். பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிறபடியே கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. கடைசித் துண்டை அழித்தால் 'கெ' மிஞ்சும், அது வேறு எழுத்தல்லவா? யுனிகோடில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. ஒலிக்கிற வரிசையிலேயே சேமிப்பதால் தேடினால் கிடைக்கும், அகர வரிசையும் ஓரளவு ஒழுங்காக வரும். ஆனால் கொம்பை எடுத்து முன்னால் நிறுத்தும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது.

அந்த வேலையைச் செய்யத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் சுவரொட்டி தயாரித்தால் இன்றும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது தவறென்று தெரியாது. அச்சாகி வெளியே வந்த பிறகு, அந்த வழியாகப் போகிற ஏதோ ஒரு தமிழ் மாணவன்தான் முதலில் கண்டுபிடிக்கிறான்.