துணி அணையாடை: வாங்கும் முன்பும் துவைக்கும் முன்பும் தெரிந்துகொள்ள வேண்டியவை

குழந்தை பிறந்த வீட்டின் மாதச் செலவில் பால்மாவுக்குப் பக்கத்தில் நிற்பது பெம்பர்ஸ். 1961இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு வணிகப் பெயர் அது. இன்று நம் வீடுகளில், எந்த நிறுவனம் செய்திருந்தாலும், ஒருமுறை பயன்படுத்தி வீசும் அணையாடைக்கெல்லாம் அதுவே பெயராகிவிட்டது. அதற்கு முன் தோட்டத்து லயங்களில் பழைய வேட்டியையும் கைலியையும் கிழித்த துணிதான் குழந்தையின் இடுப்புக்கு. காலையில் பால்மரம் வெட்டப் போகும் தாய், பிள்ளையோடு அந்தத் துணிகளையும் மடித்து ஆயாக் கொட்டகையில் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்தத் துணி இப்போது புது வடிவில் திரும்பியிருக்கிறது. ஊக்கு குத்த வேண்டியதில்லை. அமுக்குப் பொத்தானோ வெல்க்ரோவோ இருக்கிறது. ஈரம் வெளியே கசியாமல் இருக்க மேலுறை இருக்கிறது. ஆனாலும் ஆசையாக ஒரு டஜன் வாங்கும் பெற்றோரில் சிலர், சில வாரங்களிலேயே அதை அலமாரியில் வைத்துவிட்டு மீண்டும் பெம்பர்ஸுக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் துணி அல்ல. ஒரே நாளில் முழுதாக மாற முயல்வதும், துவைக்கும் முறை தெரியாததும்தான்.

முதலில் கணக்கு

ஒரு பெம்பர்ஸ் 60 சென் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 6 என்றால் 3 ரிங்கிட் 60 சென். மாதத்திற்கு 108 ரிங்கிட். இரண்டு ஆண்டுகளுக்கு 2,592 ரிங்கிட். மறுபக்கம், ஒரு துணி அணையாடை 20 ரிங்கிட் என்றால் 20 அணையாடைகளுக்கு 400 ரிங்கிட். இதனுடன் தண்ணீர், சலவைத் தூள், மின்சாரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், ஒவ்வொரு குடும்பமும் தான் வாங்கும் விலையை இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்பது நல்லது.

முழுதாக மாறினால்தான் பலன் என்பதில்லை. பகலில் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் துணி கட்டி, நாளுக்கு 3 பெம்பர்ஸைக் குறைத்தாலே மேற்சொன்ன விலையில் மாதம் 54 ரிங்கிட் குறைகிறது. அதே துணி அடுத்த பிள்ளைக்கும் உதவினால் சேமிப்பு இன்னும் கூடும்.

கடையில் கிடைக்கும் வகைகள்

சதுரத் துணி: பருத்தியில் நெய்த ஒற்றைத் துணி. மடித்துக் கட்டி மேலுறை போட வேண்டும். விலை மிகக் குறைவு. விரித்துப் போட்டால் மற்ற எல்லா வகைகளையும்விட விரைவில் காயும். மடிக்கப் பழக வேண்டும் என்பது மட்டுமே குறை.

பாக்கெட் வகை: மேலுறையும் உட்புறத் துணியும் பைபோல் தைக்கப்பட்டிருக்கும். உறிஞ்சும் உள்துணியை அந்தப் பைக்குள் செருக வேண்டும். துவைக்கும்போது வெளியே எடுத்துவிட்டால் இரண்டும் தனித்தனியாகக் காயும். இங்கு அதிகம் விற்பனையாவது இந்த வகைதான்.

எல்லாம் சேர்த்துத் தைத்த வகை: பெம்பர்ஸ்போல் அப்படியே கட்டலாம். தாத்தா பாட்டியும் குழந்தை பராமரிப்பாளரும் எளிதாகக் கையாள்வார்கள். ஆனால் தடிமன் அதிகம்; விலையும் அதிகம்; காய நேரமாகும்.

உள்துணியிலும் வேறுபாடு உண்டு. மைக்ரோஃபைபர் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். ஆனால் தோலில் நேரடியாகப் பட்டால் தோலின் ஈரப்பசையையும் இழுத்துவிடும். அதனால் அதைப் பைக்குள்தான் வைக்க வேண்டும். மூங்கில் இழைத் துணி அதிகம் தாங்கும், காய நேரமெடுக்கும். பருத்தி இரண்டுக்கும் நடுவில்.

எத்தனை வாங்குவது?

பிறந்த குழந்தைக்கு நாளுக்கு 10 முதல் 12 முறை துணி மாற்ற வேண்டியிருக்கும். முழு நேரமும் துணியே கட்டி, இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைப்பதானால் 20 முதல் 24 வரை தேவை. தொடக்கத்திலேயே அத்தனை வாங்க வேண்டாம். 4 அல்லது 6 வாங்கி, முடிந்தால் இரண்டு வகைகளில் வாங்கி, பகலில் மட்டும் கட்டிப் பார்க்கலாம். பிள்ளையின் தொடைக்கும் இடுப்புக்கும் எது பொருந்துகிறது, வீட்டுக் கொடியில் எது காய்கிறது என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

பிறந்த முதல் சில நாள்களில் வரும் கரும்பச்சை மலம் பசைபோல் ஒட்டும். பத்தியத்தில் இருக்கும் தாய்க்கு அப்போது ஓய்வும் தேவை. துவைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லையென்றால், சில வாரம் கழித்துத் தொடங்குவதில் எந்த நட்டமும் இல்லை.

அந்துருண்டை வைத்த துணி ஆபத்து

அக்காள் பிள்ளைக்குப் பயன்பட்ட துணிகளைத் தங்கை பிள்ளைக்குக் கொடுப்பது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். ஆனால் அந்தத் துணிகள் பெட்டியில் அந்துருண்டையோடு இருந்தனவா என்று கேட்காமல் குழந்தைக்குக் கட்டக் கூடாது. பாச்சை உருண்டை என்றும் சொல்லப்படும் அந்த வெள்ளை உருண்டையில் பெரும்பாலும் இருப்பது நாப்தலின்.

ஜி6பிடி என்பது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உண்டு. ஆண் குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படும். அத்தகைய குழந்தை நாப்தலின் வாடையைச் சுவாசித்தாலோ, அது ஏறிய துணி தோலில் பட்டாலோ, சிவப்பணுக்கள் வேகமாக உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அது மூளையைப் பாதித்துக் காது கேளாமையும் நிரந்தர ஊனமும் உண்டாக்கலாம்; உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இதனால்தான் இரு நாடுகளிலும் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை செய்கிறார்கள். சிங்கப்பூரில் இது 1965இலேயே தொடங்கியது.

சோதனை முடிவு என்ன என்பதைப் பெற்றோர் மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குறைபாடு இருந்தால் வீட்டில் எந்த அலமாரியிலும் அந்துருண்டை இருக்கக் கூடாது. அதோடு வைத்திருந்த துணியும் அந்தக் குழந்தைக்கு வேண்டாம். குறைபாடு இல்லாவிட்டாலும் குழந்தைத் துணிக்கு அந்துருண்டை தேவையில்லை. நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள பெட்டியில் வைத்தாலே போதும்.

குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளானாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் கிளினிக் மிஸ்ஸியிடமும் இதைப் பற்றித் தயங்காமல் கேட்கலாம்.

கட்டும் முறை

புதுத் துணியைக் கடையிலிருந்து வந்தபடியே கட்டினால் கசியும். பருத்தியிலும் மூங்கில் இழையிலும் உள்ள எண்ணெய்ப்பசை போனால்தான் அவை உறிஞ்சும். நான்கைந்து முறை துவைத்துக் காயவைத்த பின் தொடங்க வேண்டும். மைக்ரோஃபைபருக்கு ஒருமுறை போதும்.

காலோரம் உள்ள எலாஸ்டிக், தொடையின் மேல் இல்லாமல், தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் அமர வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும். உள்துணியின் எந்த ஓரமும் மேலுறைக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த ஓரம் வழியாகவே ஈரம் சட்டைக்கு ஏறும். தொப்புள்கொடி விழும் வரை முன்பக்கத்தைக் கீழே மடித்துக் கட்ட வேண்டும்.

பெம்பர்ஸில் உள்ள பசைமணிகள் ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். துணியில் அது கிடையாது. ஆகவே இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும்.

துவைக்கும் முறை

1. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, அங்குள்ள தண்ணீர்க் குழாயால் பீய்ச்சிக் கழுவ வேண்டும்.

2. அழுக்குத் துணியைக் காற்றுப் புகும் கூடையில், தண்ணீர் ஊற்றாமல் வைக்க வேண்டும். வாளியில் நாள் முழுதும் ஊறவைத்தால் நாற்றம் துணியில் ஏறும். அதைவிட முக்கியம், தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் வாளியில் உள்ள சிறிதளவு தண்ணீரே உயிரைப் பறிக்கும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு நாளுக்கு மேல் துணியைச் சேர்த்து வைக்கக் கூடாது.

3. முதலில் சிறிது தூள் போட்டுக் குறுகிய சலவை ஒன்று. அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, முழு அளவு தூள் போட்டு நீண்ட சலவை. குழந்தைத் துணி என்று தூளை மிகவும் குறைத்தால் சிறுநீர் துணியிலேயே தங்கி, சில வாரத்தில் கண்ணைக் கரிக்கும் நெடி அடிக்கும். இயந்திரத்தில் சுடுநீர் வசதி இருந்தால் 60 பாகை நல்லது.

4. நுரை வராத வரை அலச வேண்டும்.

5. துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

கையால் துவைப்பவர்கள் அரை மணி நேரம் மட்டும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கசக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசலாம். அந்தக் காலம்போல் கொதிக்க வைப்பது பருத்திச் சதுரத் துணிக்குப் பொருந்தும். மேலுறையைக் கொதிக்க வைத்தால் அதன் பூச்சு உரிந்து, ஒழுகத் தொடங்கும். சுயசேவை டோபிக்குக் கொண்டுபோனால், வீட்டிலேயே நன்றாக அலசிக்கொண்டு போவதும், அங்குள்ள அறிவிப்பைப் படித்துப் பார்ப்பதும் மற்ற வாடிக்கையாளர்களுக்குச் செய்யும் மரியாதை. அங்குள்ள சூடான உலர்த்தியிலும் மேலுறையைப் போடக் கூடாது.

மழை நாளில் என்ன செய்வது?

காலையில் வெயில் இருக்கும்போதே துணி கொடிக்குப் போய்விட வேண்டும். வெயில் கறையை வெளுக்கும், நாற்றத்தையும் போக்கும். அடைமழைக் காலத்திற்கு ஒற்றைச் சதுரத் துணியே கைகொடுக்கும். அடுக்கிப் போடாமல் விரித்துப் போட்டு மின்விசிறி வைத்தால் வீட்டுக்குள்ளேயே காய்ந்துவிடும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் வாங்கும்போதே இதை மனத்தில் வைக்க வேண்டும். புகைமூட்ட நாள்களிலும் துணி உள்ளேயே காயட்டும். சரியாகக் காயாத துணியைக் கட்டுவதைவிட அன்று ஒருநாள் பெம்பர்ஸ் போடுவதே மேல். தண்ணீர்த் தடை வரும் நாள்களுக்கும் ஒரு சிறு பாக்கெட் கைவசம் இருப்பது நல்லது.

தோல் சிவந்தால்

துணி கட்டினால் தோல் தடிப்பே வராது என்பது உண்மையல்ல. எந்த அணையாடையானாலும் ஈரம் நீண்ட நேரம் தோலில் பட்டால் சிவக்கும். அடிக்கடி மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் காற்றாட விடுவதே முதல் வைத்தியம். பவுடர் தேவையில்லை, அதன் தூசி குழந்தையின் நுரையீரலுக்கு நல்லதல்ல. களிம்பு தடவினால் மெல்லிய லைனர் ஒன்றை மேலே விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் களிம்பு துணியில் படிந்து, அது உறிஞ்சாமல் போகும். மடிப்புகளில் கடும் சிவப்பும் சுற்றிலும் சிறு புள்ளிகளும் தெரிந்தாலோ, சில நாளில் குணமாகாவிட்டாலோ, அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கிளினிக்கில் காட்ட வேண்டும்.

குப்பையும் சூழலும்

குப்பை லாரி ஒழுங்காக வராத இடங்களில் பெம்பர்ஸ் மூட்டை எவ்வளவு தொல்லை என்பதைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் துணி என்றாலே சூழலுக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் அமைப்பு 2008இல் வெளியிட்ட ஆய்வில், கரிம வெளியேற்றத்தில் இரண்டு வகைக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தும்போதுதான் துணி தெளிவாக முந்தியது. கொடியில் காயவைப்பதும், பிள்ளைத் துணியை அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல.

தொடங்கும் முன்

துணி அணையாடை எடுபடுமா என்பதைத் தீர்மானிப்பது யார் துவைக்கிறார்கள் என்பதே. அந்த வேலை முழுதும் தாயின் தலையில் விழுந்தால் எந்த வீட்டிலும் அது நீடிக்காது. கணவர், மாமியார், பராமரிப்பாளர் என்று பிள்ளையைத் தூக்கும் எல்லோருக்கும் கட்டவும் துவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பராமரிப்பு நிலையத்தில் துணி அணையாடையை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு, அழுக்குத் துணியைப் போட்டுத் தர ஈரம் கசியாத பை ஒன்றையும் கொடுத்தனுப்பலாம். இரவில் இரண்டு உள்துணி வைத்தும் ஒழுகினால், இரவுக்கு மட்டும் பெம்பர்ஸ் போடுவதில் தவறில்லை. பிள்ளையின் தோல் உலர்ந்தும் வீட்டார் சலிக்காமலும் இருக்கும் அளவுக்குத் துணியைப் பயன்படுத்தினால் போதும்.