கழிவுக் குழாயைச் சுற்றிய செம்பு

உங்கள் வீடு ஒன்ராறியோவில் 2017க்குப் பிறகு கட்டப்பட்டதென்றால், ஒருமுறை பேஸ்மென்றுக்கு இறங்கி, சுடுநீர்த் தாங்கி நிற்கும் மூலையைப் பாருங்கள். மேல்மாடியிலிருந்து செங்குத்தாக இறங்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் கழிவுக் குழாயின் நடுவே பெரும்பாலும் ஒரு துண்டு மட்டும் செம்பாக மின்னும். அதன்மேல் சிறிய செப்புக் குழாய்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுற்றப்பட்டிருக்கும். புதிய குடியிருப்புகளில் குழாய் வேலை செய்கிற நான், பிறம்ரனிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் இந்தச் சுருளைத் தோளில் சுமந்து இறக்கி, ரசமட்டம் வைத்து நிமிர்த்திப் பூட்டியிருக்கிறேன். வீட்டுக்குக் குடிவந்த நம்மவர்களில் பெரும்பாலானோர் இது என்னவென்று அறியாமலே இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு நாளும் குளிக்கும்போது, குளித்த நீரோடு போகும் வெப்பத்தை மீட்டு இது அவர்களுக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் இதன் பூர்வீகத்தை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

வீணாய்ப் போகும் வெப்பத்தைப் பிடித்து மறுபடி வேலை வாங்கும் எண்ணம் முதலில் தொழிற்சாலைகளில் பிறந்தது. 1816இல் ஸ்கொட்லாந்துப் போதகரான றொபேர்ட் ஸ்ரேர்லிங் தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது, வெளியேறும் சூடான காற்றின் வெப்பத்தைச் சேமித்து, உள்ளே வரும் குளிர்ந்த காற்றுக்குக் கொடுக்கும் பகுதியொன்றையும் அதில் சேர்த்திருந்தார். 1845இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் நகரத்து எட்வேர்ட் கிறீன், கொதிகலனிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் சூடான புகையின் பாதையில் இரும்புக் குழாய்களை நிறுத்தி, கொதிகலனுக்குப் போகவேண்டிய தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கினார். அடுத்த பத்தாண்டில் சீமென்ஸ் சகோதரர்கள் உலைகளின் புகை வெப்பத்தையும் அப்படியே மீட்டார்கள். ஆலை முதலாளிகளுக்கு நிலக்கரிச் செலவு ஒவ்வொரு மாதமும் கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது. ஆகவே அவர்கள் புகையைக்கூடப் பணமாகப் பார்த்தார்கள்.

வீட்டுக் குளியலறைக்கு இந்த எண்ணம் வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அடுப்பில் தண்ணீர் காய்ச்சி வாளியில் சுமந்த காலத்தில் சுடுநீரை யாரும் வீணாக்கவில்லை. 1889இல் பிற்ஸ்பேர்க் நகரில் எட்வின் ரூட் தானாக இயங்கும் சுடுநீர்த் தாங்கியை உருவாக்கிய பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டில் வட அமெரிக்க வீடுகளில் தாங்கியும் ஷவரும் சாதாரணமாயின. எரிவாயுவும் மின்சாரமும் மலிவாகக் கிடைத்தன. குழாயைத் திறந்தால் சுடுநீர் வரும், குளித்து முடித்தால் அது தரைத் துவாரத்தில் மறைந்துவிடும். அந்தத் துவாரத்துக்குப் பின்னால் என்ன போகிறது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைத் தடைசெய்தன. சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. நீண்ட குளிர்காலம் உள்ள கனடாவுக்கு அது பெரிய அடி. அந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான் 1977இல் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட சஸ்கச்சவான் சேமிப்பு இல்லம். ஹரோல்ட் ஓர் என்ற பொறியியலாளரின் தலைமையில் ஒரு குழு அதை வடிவமைத்தது. கொடுங்குளிர் அடிக்கும் அந்த ஊரில், வழமையான உலை இல்லாமலே அந்த வீடு நின்றது. சுவர்கள் தடித்தவை, காற்று கசியாதவை. வெளியேறும் அழுக்குக் காற்றின் வெப்பத்தை எடுத்து, உள்ளே வரும் சுத்தமான காற்றுக்குக் கொடுக்கும் கருவியும் அதில் இருந்தது. இரண்டு காற்றும் கலப்பதில்லை, வெப்பம் மட்டுமே கைமாறும். இன்று கனடாவின் புதிய வீடுகளில் காணும் காற்றோட்டக் கருவிகளுக்கு அதுவே முன்னோடி.

காற்றில் முடிந்ததைத் தண்ணீரிலும் செய்யலாம் என்று பலர் முயன்றார்கள். குளித்த நீரைத் தாங்கியொன்றில் தேக்கி, அதற்குள் சுருள் குழாய் ஒன்றை வைத்து, குளிர்நீரை அதன் வழியே விடுவது எளிய வழியாகத் தெரியும். ஆனால் குளித்த நீரில் சவர்க்காரமும் தலைமயிரும் எண்ணெய்ப் பிசுக்கும் உண்டு. அவை தாங்கியில் படியும், நாறும். சுருளின்மேல் அழுக்குத் தோல் போர்த்தியபின் வெப்பம் கடக்காது. வடிகட்டியும் பம்பும் வைத்தால் அவற்றைக் கழுவ ஆள் வேண்டும். குளியலறைக் கழிவைக் கிழமைதோறும் சுத்தம் செய்ய எந்த வீட்டிலும் ஆள் கிடைக்காது என்பதைக் குழாய் வேலைக்காரர் எவரும் சொல்வார்கள்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு நியூயோர்க் மாநிலத்திலிருந்து வந்தது. கார்மைன் வசீல் என்ற கண்டுபிடிப்பாளர் 1986இல் காப்புரிமை பெற்ற வெப்பப் பரிமாற்றியில் தாங்கியும் இல்லை, பம்பும் இல்லை. அசையும் பாகமே இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் உதவியோடு வளர்ந்த அந்தக் கருவி ஜி.எஃப்.எக்ஸ். என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நான் இன்று பூட்டுகிற செப்புச் சுருள்கள் எல்லாம் அந்த வழிவந்தவையே.

வசீல் பயன்படுத்திக்கொண்டது தண்ணீரின் ஓர் இயல்பை. குவளையைச் சரித்து மெதுவாக ஊற்றினால், தண்ணீர் நேரே விழாமல் குவளையின் வெளிப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வழியும். செங்குத்தான கழிவுக் குழாயிலும் அப்படித்தான். குளித்த நீர் குழாயின் நடுவே தொப்பென்று விழுவதில்லை. உட்சுவர் முழுவதும் மெல்லிய படலமாகப் பரவி ஒட்டி இறங்குகிறது. சூடு முழுவதும் சுவரைத் தொட்டபடியே போகிறது. அந்தச் சுவர் செம்பாக இருந்தால், வெளியே சுற்றிய குழாயில் ஏறும் குளிர்நீருக்கு அந்தச் சூடு உடனே கடக்கும். கழிவுநீர் மேலிருந்து கீழே, குளிர்நீர் கீழிருந்து மேலே என எதிரெதிராக ஓடுவதால், முழு நீளத்திலும் இரண்டுக்கும் இடையில் வெப்ப வித்தியாசம் நிலைத்திருக்கும். ஓடும் நீரே உட்சுவரைக் கழுவிக்கொண்டு போவதால் அழுக்கும் எளிதில் தங்காது.

இலக்கத்தில் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். நிமிடத்துக்கு 9.5 லீட்டர் பாயும் ஷவரில் 10 பாகைத் தண்ணீரை 40 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 20 கிலோவாற்று வலு வேண்டும். வீட்டின் வேறெந்தச் சாதாரண மின்கருவியும் இந்த அளவுக்குக் கிட்ட வராது. குளித்து முடித்து இறங்கும் நீர் இன்னும் 36 பாகை அளவில் இருக்கும். சுருளின் திறன் 50 வீதம் என்றால், 10 பாகையில் வந்த குளிர்நீர் 23 பாகையாகி மேலே போகும். சூடாக்க வேண்டிய 30 பாகையில் 13 பாகை இலவசமாகக் கிடைத்துவிட்டது. பத்து நிமிடக் குளியலுக்கு 3.3 அலகு தேவைப்பட்ட இடத்தில் 1.4 அலகு மிச்சம். நால்வர் குளிக்கும் வீட்டில் அது நாளொன்றுக்கு ஐந்தரை அலகுக்கு மேல். குளிர்காலத்தில் நிலத்தடிக் குழாய்களின் தண்ணீர் 10 பாகைக்கும் கீழே இறங்கும்போது மிச்சம் இன்னும் கூடும்.

கருவி பிறந்தது அமெரிக்காவில் என்றாலும், அது வேரூன்றியது கனடாவில். அதற்குக் காரணங்கள் தெளிவு. இங்கே தண்ணீர் குளிர்ந்தது, வீடுகளுக்குப் பேஸ்மென்ற் உண்டு, குளியலறைகள் மேல்மாடியில் இருக்கின்றன. படலம் ஒட்டி இறங்கச் செங்குத்தான உயரம் வேண்டும், அதை இந்த வீடுகள் தாமாகவே தருகின்றன. ஒன்ராறியோவின் வோட்டர்லூப் பகுதியிலேயே இச்சுருள்களைச் செய்யும் தொழில் தொடங்கியது. ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சி மன்ற வளாகத்தில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும் இரட்டை வீடுகளை வைத்திருக்கும் கனேடிய வீடமைப்புத் தொழில்நுட்ப நிலையம், இச்சுருள்களைச் சோதித்தது. அந்த ஆய்வின் அறிக்கை 2007இல் வந்தது. 2012இல் இவற்றின் திறனை அளப்பதற்கும் பாதுகாப்பாகச் செய்வதற்குமான கனேடியத் தரநிர்ணயங்கள் வெளியாயின. அதன்பின் எந்தச் சுருளையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட முடிந்தது.

பெரிய திருப்பம் 2017 ஜனவரியில் வந்தது. ஒன்ராறியோக் கட்டட விதிகள் தரும் எரிசக்திச் சிக்கனப் பட்டியலை அப்படியே பின்பற்றிக் கட்டும் புதிய வீடுகளில் இச்சுருள் கட்டாயமாயிற்று. குறைந்தது 42 வீதத் திறன் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஷவர் இருந்தால், குறைந்தது இரண்டின் நீராவது அதன் வழியே போக வேண்டும். அதற்கு முன்பும் இக்கருவி சந்தையில் இருந்தது, ஆனால் தாமாகக் கேட்டு வாங்கியவர்கள் சிலரே. சமையலறைக் கல்லுக்கும் தரைப் பலகைக்கும் மேலதிகப் பணம் கொடுக்கிறவர்கள், சுவருக்குள் மறையும் செம்புக்குக் கொடுப்பதில்லை. நல்ல கருவி இருந்தும் முப்பது ஆண்டுகள் காத்துக்கிடந்தது. அதை வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது சட்டம்தான். இந்தத் தொழிலிலிருந்து நான் கற்ற முக்கியமான பாடம் இது.

நம்மவர் வீடுகளில் எனக்குக் கிடைக்கும் முதற் கேள்வி துப்புரவைப் பற்றியது. “தம்பி, கக்கூசுத் தண்ணி போற குழாயில நாங்கள் குடிக்கிற தண்ணியையும் சுத்தி விட்டிருக்கிறியளே?” என்று ஒரு வயதான அம்மா மார்க்கத்தில் கேட்டார். “ரெண்டும் எந்த இடத்திலயும் கலக்காது அம்மா. நடுவில ரெண்டு செப்புச் சுவர் இருக்கு. ஒண்டு ஓட்டையானாலும் தண்ணி வெளியாலதான் வழியும், மற்றக் குழாய்க்குள்ள போகாது” என்று தொட்டுக் காட்டி விளக்கினேன். அவர் கேள்வி நியாயமானது. இரட்டைச் சுவர் என்ற ஏற்பாடே அந்தப் பயத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டதுதான். அடுத்த கேள்வி கோடைகாலத்தில் வரும். சுருள் ஒழுகுகிறது என்பார்கள். பேஸ்மென்றின் ஈரக்காற்று குளிர்ந்த செம்பில் பட்டு வியர்ப்பது அது. துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒழுக்கா வியர்வையா என்பது தெரிந்துவிடும்.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். நீர் வருவதும் போவதும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் இது பயன்படும். தொட்டியை நிரப்பிக் குளித்துவிட்டுப் பிறகு திறந்துவிடுகிறவருக்கு இதனால் பயனில்லை. பேஸ்மென்றிலேயே இருக்கும் ஷவரின் நீர் இதைத் தொடாமலே நிலத்துக்குள் போய்விடும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இத்தனை உயரம் கிடைக்காது. அங்கே ஷவரின் தரைத் தட்டுக்குள்ளேயே படுக்கையாக வைக்கும் பரிமாற்றிகளைச் சுவிற்சர்லாந்தில் செய்கிறார்கள்.

வீட்டில் தப்பிய வெப்பத்தை ஊர் அளவில் பிடிப்பவர்களும் உண்டு. ஸ்ரொக்ஹோம் நகரின் ஹமர்பி நிலையம் 1986 முதல், சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து பாரிய வெப்பப் பம்புகளால் சூட்டை எடுத்து நகரத்து வீடுகளுக்குக் கொடுத்துவருகிறது. வன்கூவரில் 2010 ஒலிம்பிக் கிராமத்துக்காகக் கட்டிய நிலையமும் சாக்கடை வெப்பத்தையே மீட்கிறது. நம் றொறன்ரோவில் 2004 முதல் இதன் மறுபக்கம் நடக்கிறது. ஒன்ராறியோ ஏரியில் 83 மீற்றர் ஆழத்திலிருந்து எடுக்கும் 4 பாகைத் தண்ணீரின் குளிர், நகர மையத்துக் கோபுரங்களைக் குளிர்விக்கிறது. அதே நீர் பிறகு குடிநீராக ஊருக்குள் போகிறது.

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருக்கும் உறவினர் இதைக் கேட்டு, எங்களுக்கும் வேண்டுமா என்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். அங்கே குழாய்த் தண்ணீரே 27, 28 பாகையில் வருகிறது. மீட்கக்கூடிய வித்தியாசம் சில பாகைதான். சூரிய வெப்பம் அங்கே நல்ல வழி. நுவரெலியாவிலோ ஊட்டியிலோ கொடைக்கானலிலோ விடுதி நடத்துகிறவர்கள் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளிர்ந்த தண்ணீரும் காலையில் வரிசையாகக் குளிக்கும் விருந்தினரும் அங்கே உண்டு.

இங்கே கனடாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேஸ்மென்றை வாடகைக்குத் திருத்தும்போது, இடம் அடைக்கிறது என்று இந்தச் சுருளை வெட்டிப் பழைய செம்பாக விற்றுவிட்டு, பிளாஸ்ரிக் குழாயைப் பொருத்திவிடுகிற வேலையை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு இடம் கொடாதீர்கள். சுவர் அடைக்கும்போது அதற்கு முன்னால் ஒரு கதவு விடுங்கள். பழைய வீட்டுக்காரர் சுடுநீர்த் தாங்கி மாற்றும் நாளில் குழாய் வேலைக்காரரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். புதிய வீடு வாங்குகிறவர்கள், சுருளிலிருந்து வரும் இளஞ்சூட்டு நீர் தாங்கிக்கும் ஷவரின் குளிர்ப் பக்கத்துக்கும் சேர்த்துப் போகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் போனால்தான் முழுப் பயன் கிடைக்கும். அசையும் பாகம் ஒன்றுமில்லாத இந்தச் செம்பு, ஒருமுறை ஒழுங்காகப் பூட்டிவிட்டால், பல பத்தாண்டுகள் உங்கள் வீட்டுக்கு உழைக்கும்.