63 மணி நேரம் ஒலித்த 'லூயி லூயி'

கலிஃபோர்னியாவின் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் ஊரிலுள்ள ஃபுட்ஹில் கல்லூரியின் வானொலி நிலையம் கே.எஃப்.ஜே.சி. 1983 ஆகஸ்டில் இந்த நிலையம் 63 மணி நேரம் ஒரே பாட்டை ஒலிபரப்பியது. 'லூயி லூயி' என்ற அந்தப் பாட்டின் 800க்கும் மேற்பட்ட வடிவங்கள் அப்போது ஒலித்தன. அதை எழுதிய ரிச்சர்ட் பெர்ரியும், நாடறியப் பாடிய ஜாக் ஈலியும் நிலையத்துக்கே வந்து நேரலையில் பாடினார்கள். கராஜ் ராக் இசையும் கல்லூரி வானொலியும் கைகோத்த நிகழ்ச்சிகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

கராஜ் ராக் 1960களில் அமெரிக்க இளைஞர்கள் வளர்த்த இசை. முறையாக இசை படிக்காத பையன்கள் வீட்டுக் கார் கொட்டகையில் கூடிப் பழகினார்கள். கிட்டாரில் மூன்று கார்டுகள் தெரிந்தால் குழு அமைக்கலாம். நயத்தைவிட வேகமும் முரட்டுத்தனமும் முக்கியம்.

'லூயி லூயி' அவர்களுக்கு ஏற்ற எளிய பாட்டு. லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பினப் பாடகரான பெர்ரி இதை 1955இல் எழுதி, 1957இல் இசைத்தட்டாக வெளியிட்டார். காதலியை நினைத்து ஏங்கும் ஜமைக்கா மாலுமி ஒருவன், மதுக்கடைக்காரரிடம் தன் மனத்தைத் திறந்து சொல்கிறான். சில ஆண்டுகளில் பெர்ரி இதையும் வேறு சில பாட்டுகளையும் சேர்த்து 750 டாலருக்கு உரிமை விற்றுவிட்டார்.

1963 ஏப்ரலில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் 'கிங்ஸ்மென்' குழு இதைப் பதிவு செய்தது. செலவு ஏறக்குறைய 50 டாலர். மைக் உயரத்தில் தொங்கியதால், ஈலி தலையை அண்ணாந்து கத்திப் பாடினார். கிட்டார் தனி வாசிப்பு முடிந்ததும் அடுத்த சரணத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டு, சட்டென நிறுத்தினார். டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் ஓர் உருட்டல் அடித்து இடைவெளியை நிரப்பினார். அந்தப் பிழை அப்படியே தட்டில் ஏறியது.

தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. சொற்கள் புரியாததால், ஆபாசம் இருப்பதாகப் புகார் கிளம்பியது. எஃப்.பி.ஐ. இரண்டாண்டுகளுக்கும் மேல் ஆராய்ந்து, எந்த வேகத்தில் ஓடவிட்டாலும் சொற்கள் விளங்கவில்லை என்று முடித்தது. அதற்குள் ஈலி குழுவை விட்டு விலகியிருந்தார். தொலைக்காட்சியில் ஈலியின் குரலுக்கு ஈஸ்டன் வாயசைத்தார்.

கல்லூரி வானொலியின் வளர்ச்சிக்கு வழிவகுத்தது அரசின் அலைவரிசைக் கொள்கை. 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையான எஃப்.எம். பகுதி வணிக நோக்கமற்ற கல்வி நிலையங்களுக்கென 1945இல் ஒதுக்கப்பட்டது. 1948 முதல் வெறும் 10 வாட் திறனுள்ள நிலையங்களுக்கும் உரிமம் கிடைத்தது. சில மைல் தூரமே எட்டினாலும் செலவு குறைவு என்பதால் கல்லூரிகள் ஆர்வம் காட்டின. 1959இல் தொடங்கிய கே.எஃப்.ஜே.சி.யும் அவற்றில் ஒன்று. விளம்பரதாரரின் தயவு தேவைப்படாததால், வணிக நிலையங்கள் ஒதுக்கிய இசையை மாணவர்கள் துணிந்து ஒலிபரப்பினர்.

1980களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கே.ஏ.எல்.எக்ஸ். நிலையமும் கே.எஃப்.ஜே.சி.யும் 'லூயி லூயி' வடிவங்களை யார் அதிகம் ஒலிபரப்புவது என்று போட்டி போட்டன. அந்தப் போட்டியின் உச்சம்தான் 1983இன் 63 மணி நேர ஒலிபரப்பு. வானொலி நேரலையில் வெட்டி ஒட்டவோ திருத்தவோ முடியாது, தவறினால் தவறியதுதான். பிழையோடு புகழ்பெற்ற பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மேடை அமைந்திருக்காது. பாட்டை விற்றவரும் குரலை இழந்தவரும் அங்கே தங்கள் பெயரிலேயே பாடினார்கள்.

1980களின் நடுப்பகுதியில் ஒரு பான விளம்பரத்துக்குப் பாட்டு தேவைப்பட்டபோது, பெர்ரியின் உரிமைக் கோரிக்கை எழுந்தது. அதன் பயனாக அவருக்குப் பெருந்தொகை கிடைத்தது. அவர் 1997இலும் ஈலி 2015இலும் காலமானார்கள்.